டிரஸ்டி யாருன்னு ஊருக்குத் தெரியணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரி. ராமநாதபுரத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல டாலி கணக்கு போடுற வேலை பாக்குறேன். உங்க பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல அடிக்கடி ஒரு போட்டோ வரும், ஏதாவது ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளை சார்பா ஏழைப் பொம்பளைங்களுக்கு தையல் மெஷின் வழங்கும் விழா, இல்லன்னா பிள்ளைங்களுக்கு நோட்டு பேக் வழங்கும் விழா. வாங்குறவங்க முகம் தெரியும், மேடையில நிக்கிற சிறப்பு விருந்தினர் பேரு இருக்கும், கடைசியில அறக்கட்டளை நிறுவனர் நன்றி கூறினார்னு முடியும். அந்த அறக்கட்டளைக்கு டிரஸ்டிங்க, அதாவது பொறுப்பாளருங்க, யார் யாரு, மொத்தம் எத்தனை பேரு, அவங்களை யாரு எப்ப நியமிச்சாங்க, இது மட்டும் ஒருநாளும் வந்ததில்ல. அதைப் பத்திதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாதான் இருக்கும், தயவுசெஞ்சு வெட்டாம போடுங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கிறிஸ்தவங்க பேரைச் சொல்லி, எங்க கடற்கரை ஜனங்களோட கஷ்டத்தைச் சொல்லி பணம் வாங்குற ஒவ்வொரு டிரஸ்ட்டும் சொசைட்டியும், அதாவது அறக்கட்டளையும் சங்கமும், தன்னோட டிரஸ்டிங்க பேரை வாசல்ல எழுதி வைக்கணும், வருசத்துக்கு ஒரு தடவை வரவு செலவை அந்த ஊர்லயே ஜனங்க முன்னாடி வாசிக்கணும். சட்டம் கட்டாயப்படுத்துதா இல்லையாங்கிறது அடுத்த விசயம், இது நம்ம கடமை.

நானும் கிறிஸ்தவப் பொண்ணுதான், ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவதான், அதனால வெளியில இருந்து கல்லெறியுறேன்னு யாரும் நினைச்சுடக் கூடாது. கிறிஸ்தவங்க செஞ்ச சேவையில வளர்ந்த மாவட்டம் இது. ஜெர்மனியில இருந்து வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் காலத்துல, 1785 வாக்குல தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கைன்னு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் ராமநாதபுரத்துல அவர் பேர்ல ஸ்கூல் நடக்குது, எல்லா சாதி எல்லா மத பிள்ளைங்களும் படிக்குது. எங்க அம்மா படிச்சது சிஸ்டர்மாருங்க நடத்துன ஹாஸ்டல்ல தங்கித்தான். கடல்ல போனவரு திரும்பாத வீட்டுக்கு முதல்ல அரிசி கொண்டாந்து கொடுத்தது யாருன்னு எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க. இலங்கை நேவி புடிச்சிட்டுப் போய் ஆறு மாசம் சிறையில போட்டுட்டா இங்க அந்த வீட்டுல அடுப்பு எரியணும்ல, அப்ப கைகொடுத்ததும் இந்த மாதிரி ஆளுங்கதான். அந்த நல்ல பேரு கெட்டுப்போயிடக் கூடாதேன்னுதான் எழுதுறேன்.

எங்க சித்திக்கு நடந்ததைச் சொல்றேன். எந்த டிரஸ்ட்டுன்னு சொல்லப் போறதில்ல, சித்திக்கு அங்க இன்னும் உதவி வருது, கெடுத்துவிட வேணாம். சித்தப்பா தவறி ரொம்ப வருசம் ஆச்சு, சித்தி பாசி எடுக்கப் போவாங்க, சீசன் இல்லாதப்ப நண்டுக் கம்பெனியில நண்டு உடைக்கப் போவாங்க. பள்ளிக்கூடம் அஞ்சாங்கிளாஸ், கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஒருநாள் சாயங்காலம் ஒரு கவரை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க, கை நடுங்குது. பேங்க்ல இருந்து வந்த லெட்டரு, முழுக்க இங்கிலீஷ். வாசிச்சுப் பாத்தா, இன்ன டிரஸ்ட் அக்கவுண்டுக்கு டிரஸ்டிங்க எல்லாரோட கேஒய்சியும் அப்டேட் பண்ணணும், நீங்க டிரஸ்டிங்கிறதால ஆதார், பான் கார்டு, ரெண்டு போட்டோவோட வரணும்னு இருக்கு. நான் ரெண்டாவது தடவை வாசிச்சேன். சித்தி பேரு, எங்க தாத்தா பேரு, வீட்டு அட்ரஸ் எல்லாம் சரியா இருக்கு.

"சித்தி, நீங்க டிரஸ்டியா?"

"அப்புடின்னா என்னத்தா?"

விசாரிச்சதுல தெரிஞ்சது, சில வருசம் முன்னாடி விதவைப் பொம்பளைங்களுக்கு உதவின்னு சொல்லி ஆதார் ஜெராக்ஸும் போட்டோவும் வாங்கியிருக்காங்க, ரெண்டு மூணு பேப்பர்ல கையெழுத்தும் வாங்கியிருக்காங்க. மாசாமாசம் அரிசி பருப்பு கொடுத்தாங்க, அது உண்மை. ஆனா அந்தக் கையெழுத்துல ஒண்ணு டிரஸ்டியா இருக்க சம்மதம்ங்கிற பேப்பர்னு சித்திக்கு யாரும் சொல்லல. ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டதில்ல, ஒரு கணக்கு காட்டினதில்ல. பேப்பர்ல அவங்க டிரஸ்டி, நேர்ல பாத்தா அரிசி வாங்க வரிசையில நிக்கிறவங்க. "நான் என்னத்தா தப்பு செஞ்சேன், என்னைப் போலீஸ் புடிக்குமா"ன்னு கேட்டாங்க பாருங்க, அதுக்கு என்ன பதில் சொல்றது.

இது சித்தி ஒருத்தங்க கதை மட்டும் இல்ல. ஆபீஸ்ல நான் பாக்குற பேப்பரை வெளியில சொல்றது முறையில்ல, அதனால யாரையும் குறிச்சுச் சொல்லல, பொதுவா இந்தத் தொழில்ல இருக்குற எல்லாருக்கும் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். செப்டம்பர் மாசம் வந்துட்டா டிரஸ்ட் ஆடிட் ரிப்போர்ட் போட கடைசி நேரக் கூட்டம் வரும். பில்லு, வவுச்சரு எல்லாம் ஒரு பையில கட்டிக்கிட்டு வருவாங்க. கூடவே கூட்டத்துல பேசினதை எழுதி வைக்கிற மினிட்ஸ் புக் ஒண்ணு. அதைத் தொறந்தா பல சமயம் பாத்த உடனே தெரிஞ்சிடும், ஏப்ரல் மீட்டிங், ஜூலை மீட்டிங், அக்டோபர் மீட்டிங், எல்லாம் ஒரே பேனா, ஒரே கை, ஒரே மை, இடையில ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. நிஜமா நடந்த கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதினா அப்படி இருக்காது, ஒருத்தர் எதிர்த்துப் பேசியிருப்பாரு, ஒரு தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வச்சிருப்பாங்க, யாராவது லேட்டா வந்திருப்பாங்க. இங்க எல்லாத் தீர்மானமும் ஏகமனதா நிறைவேறியிருக்கும். அப்புறம் ஒரு பையன் பைக்குல வீடு வீடாப் போய் கையெழுத்து வாங்கிட்டு வருவான். டிரஸ்டிங்கிறவரு அந்தப் புக்கை வாசிச்சுக்கூடப் பாக்காம திண்ணையில உக்காந்து போட்டுக் கொடுப்பாரு.

டிரஸ்டின்னா யாருன்னு நம்ம ஜனங்களுக்குச் சரியாத் தெரியல, டிரஸ்டியா இருக்குறவங்களுக்கே தெரியலங்கிறதுதான் இன்னும் வருத்தம். டிரஸ்ட் சொத்துக்கு டிரஸ்டி சொந்தக்காரர் இல்ல. பத்திரத்துல என்ன நோக்கம் எழுதியிருக்கோ அதுக்காக அந்தச் சொத்தையும் பணத்தையும் பொறுப்பா வச்சிருக்குற ஆளு, அவ்வளவுதான். அதுல இருந்து அவரு லாபம் பாக்கக் கூடாது, தன் பொறுப்பை இன்னொருத்தர் தலையில கட்டிட்டு எனக்குத் தெரியாதுன்னு சொல்லவும் கூடாது. ஒரு டிரஸ்டி தப்பு செஞ்சு மத்தவங்க கண்டுக்காம கையெழுத்துப் போட்டிருந்தா அவங்களும் பதில் சொல்லித்தான் ஆகணும். வருமான வரிச் சட்டத்துலயும் இதுக்குக் கடிவாளம் இருக்கு. வருமானத்துல 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவு பண்ணணும். டிரஸ்டிக்கோ அவர் சொந்தக்காரங்களுக்கோ டிரஸ்ட் சொத்தால ஆதாயம் போச்சுன்னா வரி விலக்குக்கே ஆபத்து. நியாயமான சம்பளம் வாங்கலாம், தப்பில்ல. ஆனா டிரஸ்ட் பேர்ல வாங்குன காரு வீட்டு விசேசத்துக்கு ஓடுறதும், டிரஸ்ட் கட்டடத்துல மகன் குடும்பம் வாடகை இல்லாம இருக்குறதும் நியாயத்துல சேருமா?

இன்னொரு பெரிய சிக்கல் பத்திரத்துலயே இருக்கு. நம்ம பக்கம் நிறைய டிரஸ்ட் டீட் எடுத்துப் பாருங்க, நிறுவனர் ஆயுள் முழுக்க மேனேஜிங் டிரஸ்டி, அவரு மனைவி ரெண்டாவது டிரஸ்டி, அவருக்கப்புறம் மகன், டிரஸ்டிங்களைச் சேர்க்கவும் நீக்கவும் அதிகாரம் நிறுவனருக்கு மட்டும்னு எழுதியிருக்கும். நீக்குற அதிகாரம் ஒருத்தர் கையில இருந்தா மத்தவங்க எப்படிக் கேள்வி கேப்பாங்க? அந்த டிரஸ்ட் ஆரம்பிச்சவரு உண்மையிலயே நல்ல மனுசனா இருக்கலாம், தன் கைக்காசு போட்டு ஆரம்பிச்சிருக்கலாம். ஆனா நன்கொடை வாங்க ஆரம்பிச்ச அன்னைக்கே அது அவரு குடும்பச் சொத்துங்கிற பேச்சு முடிஞ்சு போச்சு. சொசைட்டியா பதிவு பண்ணா கொஞ்சம் பரவாயில்ல, 1975 தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்துல கமிட்டி உறுப்பினர் பதவிக்காலம் 3 வருசத்துக்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கு, வருசா வருசம் பொதுக்குழு கூட்டணும், கணக்கைப் பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணணும். திரும்பவும் அவங்களையே தேர்ந்தெடுக்கலாம்ங்கிறது உண்மைதான், இருந்தாலும் 3 வருசத்துக்கு ஒரு தடவை ஜனங்க முகத்தைப் பாத்தாகணும்ல. டிரஸ்ட்டுக்கு அந்தக் கட்டாயம்கூடக் கிடையாது.

இந்துக் கோயிலுக்கு அறநிலையத்துறை இருக்கு, 1959ஆம் வருசச் சட்டம். பள்ளிவாசல் சொத்துக்கு வக்ஃப் வாரியம் இருக்கு. நம்ம கிறிஸ்தவ அறக்கட்டளைங்களுக்குன்னு அப்படி ஒரு வாரியம் இல்ல. சர்ச் சொத்துக்கும் அந்த மாதிரி ஒண்ணு வேணாமான்னு 2024ல ஐகோர்ட் மதுரைக் கிளை ஒரு கேஸ்ல கேட்டுச்சு, அப்ப நம்மாளுங்க பலபேரு கொதிச்சுப் போனாங்க. எனக்கும் அரசாங்கம் வந்து உக்காந்து நிர்வாகம் பண்றதுல விருப்பமில்ல. ஆனா அரசாங்கம் வேணாம்னு சொல்றவங்களுக்குத்தான் பொறுப்பு ரெண்டு மடங்கு. கேக்க ஆள் இல்லாத இடத்துல நாமளே முன்வந்து கணக்கு காட்டினாத்தான் அந்த வாதம் நிக்கும்.

எங்க ஊர்த் திருவிழா கணக்கைப் பத்திச் சொல்லாம இருக்க முடியல. தலைக்கட்டு வரி இவ்வளவுன்னு ஊர்க் கமிட்டி பேசி முடிவு பண்ணும், விசைப்படகுக்கு இவ்வளவு, நாட்டுப்படகுக்கு இவ்வளவுன்னு தனியா. திருவிழா முடிஞ்சு கொடியிறக்குன அடுத்த ஞாயிறு பூசைக்கப்புறம் யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. கணக்குப்பிள்ளை நின்னு வாசிப்பாரு, கொடிமரத்துக்கு பெயின்ட், சப்பரத்துக்குப் பூ, மைக்செட், வாணவேடிக்கை, பேண்ட் வாத்தியக்காரங்களுக்குச் சாப்பாடு, எல்லாம் ரூபா பைசாவோட. போன தடவை பூவுக்கு ஏன் இவ்வளவு கூடிருச்சுன்னு ஒரு பாட்டி எந்திரிச்சுக் கேட்டுச்சு, மதுரை மார்க்கெட்டுல அன்னைக்கு மல்லிகை விலை என்னங்கிற வரைக்கும் பேச்சு போச்சு, கடைசியில பூக்காரர்கிட்ட வாங்குன ரசீதைக் காட்டின பிறகுதான் பாட்டி உக்காந்துச்சு. யாரும் அந்தப் பாட்டியைப் பாத்து உனக்கென்ன கேள்வின்னு சொல்லல. மிச்சம் இருந்த பணம் இவ்வளவு, இன்னார் கையில இருக்குன்னு எழுதி கோயில் சுவத்துல ஒட்டுனாங்க, அது மழையில ஊறி உதுருற வரைக்கும் அங்கயேதான் இருந்துச்சு.

இதே ஜனங்க பேர்ல, இதே பிள்ளைங்க போட்டோவைக் காட்டி வெளிநாட்டுல இருந்து லட்சம் லட்சமா வாங்குற பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுனதில்ல. பூவுக்குக் கேக்குற ஊரு இதுக்கு ஏன் கேக்க மாட்டேங்குதுன்னா, வரி நம்ம கைக்காசு, டிரஸ்ட் பணம் யாரோ கொடுத்தது, கிடைச்சவரைக்கும் லாபம்னு நினைக்கிறோம். அந்த நினைப்பு தப்பு. கொடுத்தவங்க டிரஸ்டிக்குக் கொடுக்கல, நம்ம பிள்ளைங்களுக்குக் கொடுத்தாங்க.

ஸ்பான்சர் பிள்ளைங்களை, அதாவது வெளியில ஒருத்தர் பணம் அனுப்பி உதவுற பிள்ளைங்களை, போட்டோ எடுக்குறதை நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். பிள்ளையைச் சுவத்தோரமா நிக்க வச்சு, நெஞ்சுக்கு நேரா ஒரு சிலேட்டைப் புடிக்கச் சொல்லுவாங்க, அதுல சாக்பீஸால நம்பர். தலை சீவி பவுடர் போட்டு அனுப்புன அம்மாகிட்ட, இல்ல வீட்டு உடுப்புலயே வரட்டும், பழைய சட்டை போட்டு விடுங்கன்னு சொன்னாங்க. அந்த அம்மா மறுபடியும் வீட்டுக்கு ஓடிப்போய் தோள்பட்டையில கிழிஞ்ச சட்டையை மாத்திவிட்டு கூட்டிட்டு வந்துச்சு. அந்தப் பிள்ளைக்காக மாசம் எவ்வளவு வருது, அதுல பிள்ளைக்கு எவ்வளவு போகுதுன்னு அந்த அம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பிள்ளையோட முகமும் கிழிஞ்ச சட்டையும் ஊரறியலாம், டிரஸ்டியோட பேரும் கணக்கும் மட்டும் ரகசியமா? எனக்கு அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு எரியுது.

அந்தப் பணம் வர்ற ஊர்ல நிலைமை என்னன்னு கொஞ்சம் பாத்தேன். இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுக்கும் சேரிட்டி கமிஷன்னு ஒண்ணு இருக்கு, 1853ல இருந்து இருக்கு. அங்க பதிவான ஒரு அறக்கட்டளை பேரை யாரு வேணாலும் நெட்ல போட்டுத் தேடலாம், டிரஸ்டிங்க பேரு வரிசையா வரும், வருசத்துக்கு எவ்வளவு வந்துச்சு எவ்வளவு செலவாச்சுன்னு வரும், கொஞ்சம் பெரிய அறக்கட்டளைன்னா முழுக் கணக்கே பாக்கலாம். டிரஸ்டிங்க பெரும்பாலும் சம்பளம் வாங்காம செய்யுறவங்க. அங்க காசு போடுற ஒரு பாட்டியம்மாவுக்குத் தன் காசை அனுப்புறவங்க யாருன்னு தெரியும், இங்க வாங்குறவங்க யாருன்னு தெரியாது. நம்ம சட்டத்துலயும் எஃப்சிஆர்ஏன்னு வெளிநாட்டு நன்கொடைக்குக் கட்டுப்பாடு இருக்கு, 2020 திருத்தத்துக்கப்புறம் பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் அக்கவுண்டுக்குத்தான் முதல்ல வரணும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, பொறுப்புல இருக்குறவங்க ஆதார் கொடுக்கணும், வருசா வருசம் ரிட்டர்ன் போடணும். எல்லாம் டெல்லிக்குக் காட்டுற கணக்கு. தங்கச்சிமடத்துலயும் காரங்காட்டுலயும் மூக்கையூர்லயும் இருக்குற பொம்பளைங்களுக்குக் காட்டுற கணக்கு எங்க?

இதைப் பேச ஆரம்பிச்சா உடனே ஒரு பதில் வரும். இப்ப இருக்குற சூழ்நிலையில நம்மளே நம்மளைக் காட்டிக் கொடுக்கலாமா, வெளிநாட்டுப் பணம் வாங்குற லைசென்ஸை எப்படா ரத்து பண்ணலாம்னு காத்துக்கிட்டு இருக்காங்க, வெளியில பேசாதீங்கன்னு. இந்தப் பயம் வெறும் கற்பனைன்னு நான் சொல்ல மாட்டேன். நல்லா நடந்த நிறுவனங்களுக்கும் அந்த எஃப்சிஆர்ஏ லைசென்ஸ் ரினியூவல் கிடைக்காம ஹாஸ்டல் மூடி பிள்ளைங்க வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க, வருசா வருசம் ஊர் முன்னாடி கணக்கு வாசிச்சு, டிரஸ்டிங்க பேரு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு டிரஸ்ட்டுக்கு ஒரு பிரச்சினை வந்தா மொத்த ஊரும் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கும். மூடி வச்சு நடத்துன டிரஸ்ட்டுக்கு யாரு வந்து நிப்பா? எங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதேன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. தப்பு ஒண்ணு நடந்து கடைசியில போலீஸ் மூலமா வெளிய வரும்போது ஒரு டிரஸ்டி பேரு கெடுறதில்ல, சிலுவை போட்ட எல்லாரு பேரும் கெடுது.

இன்னொன்னு, ஊழியக்காரங்களைக் கேள்வி கேக்கலாமா, கடவுளுக்குப் பயந்தவங்க ஆச்சேன்னு சொல்லுவாங்க. பைபிளைத் தொறந்து பாருங்க. அப்போஸ்தலர் பணி 6ஆம் அதிகாரம், தினசரிப் பந்தியில கிரேக்க மொழி பேசுற விதவைங்களைக் கவனிக்கலன்னு முணுமுணுப்பு வருது. அப்போஸ்தலருங்க அந்தப் பொம்பளைங்களை வாயை மூடுங்கன்னு சொல்லல. சபையைக் கூட்டி, நல்ல பேரு எடுத்த 7 பேரை நீங்களே தேர்ந்தெடுங்கன்னு சொன்னாங்க. தேர்ந்தெடுத்தது சபை. பவுல் எருசலேம் ஏழைங்களுக்குக் காசு வசூல் பண்ணி அனுப்பும்போதும் தனியாக் கொண்டு போகல, 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்துல பாருங்க, சபைகள் தேர்ந்தெடுத்த ஆளைக் கூட அனுப்புறாரு, யாரும் தங்களைக் குறை சொல்லிடக் கூடாது, கடவுள் முன்னாடி மட்டுமில்ல மனுசங்க முன்னாடியும் நேர்மையா இருக்கணும்னு காரணமும் சொல்றாரு. பவுலுக்கே கணக்குக்குச் சாட்சி தேவைப்பட்டுச்சுன்னா நம்ம ஊரு மேனேஜிங் டிரஸ்டிக்கு வேணாமா?

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் இதைத்தான் சொல்லுது. 1983ஆம் வருசச் சட்டத் தொகுப்புல 1280ஆவது எண், ஒவ்வொரு அமைப்புக்கும் நிதிக்குழு இல்லன்னா ஆலோசகர் ரெண்டு பேராவது இருக்கணும்னு சொல்லுது. 1287ல, மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்கள்கிட்டயே கணக்குக் கொடுக்கணும்னு இருக்கு. இதை எங்க பழைய பங்குத்தந்தை ஒருத்தரு சொல்லித்தான் எனக்கே தெரியும். ஃபாதர் சொன்னதோட நிக்காம, பங்குப் பேரவையில மூணு பொம்பளைங்களைச் சேத்து, உண்டியல் எண்ணும்போது அவங்களையும் உக்கார வச்சாரு. சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபையில தேர்தல் இருக்கு, அதுல வேற சண்டை இருக்கு, அதை அவங்க சொல்லட்டும். நான் இங்க பேசுறது முக்கியமா தனி ஆளுங்க ஆரம்பிச்சு நடத்துற டிரஸ்ட்டுங்களைப் பத்தி, அவங்களுக்கு மேல பிஷப்பும் கிடையாது, சினாடுங்கிற தலைமை மன்றமும் கிடையாது.

கேக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு வழி இல்லாம இல்ல, அது நம்ம ஜனங்களுக்குத் தெரியணும். டிரஸ்ட்டுக்கு நிலம் இருந்தா சர்வே நம்பரைப் போட்டு வில்லங்கச் சான்று எடுங்க, யாரு பேர்ல வாங்குனது, அடமானம் வச்சிருக்கா, வித்தாச்சான்னு அதுலயே தெரிஞ்சிடும். சொசைட்டின்னா பதிவாளர் ஆபீஸ்ல ஃபீஸ் கட்டி தாக்கல் பண்ண பேப்பரைப் பாக்கலாம். 1920ஆம் வருச அறக்கட்டளைச் சட்டம் ஒண்ணு இருக்கு, அதுல சம்பந்தப்பட்ட ஒருத்தரே கோர்ட்டுல மனு போட்டு டிரஸ்ட்டோட விவரத்தையும் கணக்கையும் கேக்கலாம், ஆனா மூணு வருசத்துக்கு முந்தின கணக்கைத் தணிக்கை பண்ணச் சொல்ல முடியாது, அதனால தாமதிக்கக் கூடாது. அதுக்கும் மேல போகணும்னா சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆவது பிரிவு, அக்கறை உள்ள ரெண்டு பேரு சேர்ந்து கோர்ட் அனுமதியோட வழக்குப் போட்டா டிரஸ்டியை நீக்கவும், புது டிரஸ்டியை நியமிக்கவும், கணக்கைக் கொடுக்க வைக்கவும், நிர்வாகத்துக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. இதெல்லாம் வருசக்கணக்குல இழுக்கும், வக்கீல் ஃபீஸ் இருக்கு, பாசி எடுக்கப் போற பொம்பளை ராமநாதபுரம் கோர்ட்டுக்கு எத்தனை நாள் அலைவாங்க. அதனால கோர்ட்டுக்குப் போற நிலைமை வராமப் பாத்துக்கிறது டிரஸ்டிங்க கையிலதான் இருக்கு.

டிரஸ்டிங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மார்ச் 31ஓட கணக்கு முடியுது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில கெடக்கும், ஆம்பளைங்க ஊர்லதான் இருப்பாங்க, வெளியூர்ல படிக்கிற பிள்ளைங்களும் லீவுக்கு வந்திருக்கும். அதுல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சமுதாயக்கூடத்துல ஊரைக் கூட்டுங்க. ஆடிட் முடியலன்னா பரவாயில்ல, இவ்வளவு வந்துச்சு, இவ்வளவு போச்சு, இவ்வளவு இருக்குன்னு தமிழ்ல வாசிங்க. டிரஸ்டிங்க அத்தனை பேரும் முன்னாடி வந்து உக்காருங்க, ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு நான்தான் இன்னாருன்னு சொல்லுங்க. ஒரே குடும்பத்துல ஒருத்தருக்கு மேல வேணாம். டிரஸ்ட் யாருக்காக நடக்குதோ அவங்கள்ல ரெண்டு பேரையாவது டிரஸ்டியா வைங்க, எங்க சித்தி மாதிரி பேப்பர்ல இல்ல, நிஜமாவே கூட்டத்துக்குக் கூப்பிட்டு, தமிழ்ல வாசிச்சுக் காட்டி, அவங்க வேணாம்னு சொன்னா வேணாம்னு மினிட்ஸ்ல எழுதுங்க. படிப்பு இல்லன்னு சாக்கு சொல்லாதீங்க. ஒரு படகோட டீசல், ஐஸு, பேட்டா எல்லாம் கழிச்சு அஞ்சு பேருக்குப் பங்கு பிரிக்கிறதை மனக்கணக்காவே சரிபாக்குற பொம்பளைங்க அவங்க.

சித்தி விசயத்துல அப்புறம் என்ன ஆச்சுன்னா, நானும் அவங்களும் நேரா அந்த டிரஸ்ட் ஆபீஸுக்கே போனோம். முதல்ல இது ஒரு ஃபார்மாலிட்டிதான்மா, பயப்படாதீங்கன்னாங்க. சித்தி டிரஸ்ட் டீட் காப்பி ஒண்ணும் கடைசி மூணு வருசக் கணக்கும் கொடுங்க, வாசிச்சுட்டு இருக்கேனா விலகுறேனான்னு சொல்றேன்னு கேட்டாங்க. டிரஸ்டின்னா கேக்க உரிமை இருக்குல்ல. அதை எழுதியே கொடுத்துட்டு, வாங்கிக்கிட்டதுக்கு நகல்ல சீல் போட்டு வாங்கிட்டு வந்திருக்கோம். இன்னும் பதில் வரல.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த தடவை தையல் மெஷின் வழங்கும் விழாவுக்கு உங்க நிருபர் போறப்ப, மெஷின் வாங்குற பொம்பளையோட பேரைக் கேக்குற மாதிரி அந்த டிரஸ்ட்டோட டிரஸ்டிங்க பேரையும் கேக்கச் சொல்லுங்க, கடைசியா எப்ப ஊர்க்கூட்டத்துல கணக்கு வாசிச்சீங்கன்னும் கேக்கச் சொல்லுங்க, என்ன பதில் சொல்றாங்களோ அதை அப்படியே போட்டோவுக்குக் கீழ போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.